கருங்கல் சென்ட்

கருங்கல்லுக்கு வாசனை கிடையாது. ஒரு பொருள் மூக்குக்கு எட்ட வேண்டுமானால் அது கொஞ்சமாவது ஆவியாகிக் காற்றில் கலக்க வேண்டும். பாறையில் இருக்கிற குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் நாம் பார்க்கிற எந்த வெயிலுக்கும் ஆவியாகாது. ஆனாலும் கோயில் பிராகாரத்தில் முதல் மழை விழுந்தால் கல் மணக்கிறது என்கிறோம். அம்மியைக் கழுவிச் சாய்த்து வைத்தால் ஒரு வாசனை. சிலேட்டில் எச்சில் தொட்டு அழித்தால் ஒரு வாசனை. பலப்பக் குச்சியைத் தின்ற பிள்ளைகளுக்கு அது ருசியாகவே தெரியும். இல்லாத இந்த வாசனையைக் குப்பியில் அடைத்துத் தரச் சொல்லி வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அதைச் செய்து கொடுப்பதும் பெங்களூரு பக்கத்து பொம்மசந்திராவில் என் பிழைப்பில் ஒரு பகுதி.

நான் வேலை செய்வது வாசனைக் கலவைக் கூடம் ஒன்றில். சோப்பு, ஷாம்பு, ஊதுபத்தி, தரை துடைக்கும் திரவம் என்று எல்லாவற்றுக்கும் ‘காம்பவுண்ட்’ போட்டுக் கொடுப்போம். உடம்பில் பூசும் சென்ட் வேலை அதில் சின்னப் பங்குதான். மூக்கை நம்பிப் பிழைப்பவனுக்கு பொம்மசந்திரா தொழிற்பேட்டை வசதியான இடமில்லை. மருந்துக் கம்பெனிகளின் கரைப்பான் வாடை, நொதிக்கலன்களிலிருந்து வரும் புளித்த ஈஸ்ட் வாடை, லேத் பட்டறைகளின் வெட்டு எண்ணெய், ரப்பர், ஓசூர் ரோட்டின் டீசல் எல்லாம் காலை எட்டு மணிக்கே ஒன்றாக வந்து நிற்கும். 2025 ஆகஸ்ட்டில் மெட்ரோ மஞ்சள் தடம் ஆர்.வி. ரோட்டிலிருந்து இங்கே வரை ஓட ஆரம்பித்த பிறகு, பஸ்ஸில் வந்த காலத்தைவிட மூக்கு கொஞ்சம் சுத்தமாக ஆபீஸ் வந்து சேருகிறது. முக்கியமான மதிப்பீட்டை எல்லாம் காலை முதல் வேலையாக, காபிக்கு முன்னால் முடித்துவிடுவது எங்கள் வழக்கம்.

கல் சென்ட் கேட்டு வந்தவர்கள் இரண்டு இளைஞர்கள், சொந்தமாக ஒரு பிராண்ட் தொடங்கியவர்கள். கையில் படங்கள் ஒட்டிய அட்டை: ஈரமான பாறை, உப்புப் படிந்த கடற்கரைக் கல், பாதி செதுக்கிய தூண். பூ வேண்டாம், இனிப்பு வேண்டாம், ஊது (அதாவது அகில்) வேண்டவே வேண்டாம். ஆண், பெண் இருவரும் பூச வேண்டும். கடைசியாக ஒன்று கேட்டார்கள்: “இது எப்படிப்பட்ட ஆளுக்குப் பொருந்தும்னு ஒரு நாலு வரி எழுதிக் கொடுங்க சார். டப்பாக்குள்ள கார்டா வைக்கணும்.”

சென்ட் போடுவதைவிட அந்த நாலு வரிதான் கஷ்டம். முதலில் சென்ட்.

கல்லைப் பார்க்க நான் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஜிகணி லிங்க் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் கிரானைட் அறுக்கும் ஷெட்டுகள். கிருஷ்ணகிரி பக்கமிருந்தும் ஆந்திராவிலிருந்தும் லாரியில் வரும் பாறைக் கட்டிகளை இங்கே பலகை பலகையாக அறுத்து, மெருகு போட்டு, கண்டெய்னரில் ஏற்றுகிறார்கள். ஒரு ஷெட்டில் சூப்பர்வைசர் நம்ம ஊர்க்காரர், தேன்கனிக்கோட்டை. உள்ளே விட்டார். மூக்கு நிறையக் கல் வாசனை அடித்தது. இதுதான் நான் தேடியது என்று எழுதிக்கொள்ள நோட்டை எடுத்தேன்.

“இது கல்லோட வாசம் இல்லீங்க சார்” என்றார் அவர். “கேங்சா ஓடுது பாருங்க. பிளேடோட சேத்து ஸ்டீல் குருணை, சுண்ணாம்பு, தண்ணி மூணையும் கலக்கி மேலயிருந்து ஊத்திக்கிட்டே இருப்போம். அந்தக் குருணைதான் கல்லை அறுக்குது. நீங்க மோந்து பாக்கறது துருவும் சுண்ணாம்பும்தான்.”

குனிந்து அந்தக் குழம்பை விரலில் தொட்டு முகர்ந்தேன். சாம்பல் நிறம், பச்சரிசி மாவுக் கெட்டி. சரியாகத்தான் சொன்னார். பக்கத்து ஷெட்டில் வைரக் கம்பி போட்டு அறுத்தார்கள். வெறும் தண்ணீர்தான் ஓடியது. அங்கே பாதி வாசனைகூட இல்லை. மெருகு போடும் வரிசையில் இன்னொரு வாசனை அடித்தது. அது விரிசல்களை அடைக்கப் பூசும் எபாக்ஸி ரெசின். ஆக, கல்லை மலை மலையாகக் குவித்து வைத்திருக்கிற இடத்தில் கல்லைத் தவிர மற்ற எல்லாம் மணந்தது. ஒன்றே ஒன்று மணக்கவில்லை. ஈரம் இல்லாத இடத்தில் பறந்த நுண்ணிய சிலிக்கா தூசி. நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் கொண்டுவருவது அதுதான். அதற்கு மட்டும் ஒரு நாற்றம் இருந்திருந்தால் இந்தத் தொழிலில் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். இதை அந்த இளைஞர்களிடம் சொன்னபோது அவர்கள் தங்கள் படத்தில் இருந்த தூசிப் புகையைப் பார்த்துக்கொண்டார்கள்.

கல் மணக்காவிட்டாலும் கல்மேல் இருப்பது மணக்கும். 1964இல் ஆஸ்திரேலியாவில் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை எங்கள் தொழிலில் இன்றும் பேசப்படுவது. கோடையில் செடிகொடிகளிலிருந்தும் காற்றிலிருந்தும் வரும் எண்ணெய்ப் பொருள்களைப் பாறையும் களிமண்ணும் உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன, ஈரம் பட்டதும் வெளியே விடுகின்றன என்று காட்டியவர்கள் அவர்கள். அந்த மணத்துக்கு ‘பெட்ரிகோர்’ என்று பேர் வைத்தவர்களும் அவர்களே. நம் கன்னோஜ் அத்தர்க்காரர்கள் இந்த வாசனையை வடித்து விற்பதையும் அந்தக் கட்டுரையில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த வருஷம் மண்வாசனையின் முக்கியக் கூறான ஜியோஸ்மினை கெர்பர், லெஷெவாலியே என்ற இருவர் பிரித்தெடுத்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் நுண்ணுயிரி உண்டாக்குவது அது. 2015இல் எம்.ஐ.டி.யில் அதிவேகக் கேமரா வைத்துப் பார்த்தபோது, மழைத்துளி நுண்துளையுள்ள பரப்பில் விழும்போது அடியில் காற்று சிக்கி, குமிழியாக மேலே வந்து வெடித்து, நுண்திவலைகளைத் தெறிக்கவிடுவது தெரிந்தது. கொட்டுகிற மழையைவிடத் தூறலில்தான் இது அதிகம். ஆடிச் சாரலில் வாசல் மணப்பதும் ஐப்பசி அடைமழையில் மணக்காததும் ஏன் என்று எனக்கு அதைப் படித்த பிறகுதான் விளங்கியது.

கன்னோஜ் பற்றி ஒரு வார்த்தை. அங்கே மிட்டி அத்தர் செய்யக் காய்ந்த களிமண்ணை அரைவேக்காடாகச் சுட்டு, டேக் என்கிற செம்பு அண்டாவில் தண்ணீரோடு போட்டு, மூடியைக் களிமண்ணாலேயே அடைத்து அடுப்பு மூட்டுகிறார்கள். ஆவி மூங்கில் குழாய் வழியாக பப்கா என்கிற சேகரிப்புக் குடுவைக்குள் போகும். பப்காவில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். ஆவி கொண்டுவந்ததை எல்லாம் அது வாங்கிக்கொள்ளும். கன்னோஜ் அத்தருக்கு 2014இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல மிட்டி அத்தரை எத்தனை முறை முகர்ந்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் அது மண், கல் அல்ல. மண் மெத்தென்று இருக்கும், உயிர் இருக்கும். கல்லில் அந்த மெத்தைத் தன்மை இருக்கக் கூடாது. மிட்டி அத்தரைப் போட்ட என் முதல் கலவை ஏதோ மாடு கட்டின தொழுவத்தில் மழை பெய்த மாதிரி வந்தது. நன்றாகத்தான் இருந்தது. கேட்டது அது இல்லை.

ஜியோஸ்மினை நேராகக் கையாள்வது தனிக் கலை. ஆயிரத்தில் ஒரு பங்காகக் கரைத்து, அந்தக் கரைசலைத்தான் ஃபார்முலாவில் சொட்டுவோம். தண்ணீரில் லட்சம் கோடியில் ஐந்தாறு பங்கு இருந்தாலே பலருடைய மூக்கு அதைப் பிடித்துவிடும். கொஞ்சம் கூடினால் பீட்ரூட் வாடை வந்துவிடும். பீட்ரூட்டின் மண் வாடையே அதுதான். குளத்து மீனின் சேற்று வாடையும் அதுவே. மீன் குழம்புக்கு நம் வீடுகளில் புளியைக் கரைத்து ஊற்றுவதில் இந்த வேதியியலும் இருக்கிறது: புளிப்பு ஜியோஸ்மினை உடைத்துவிடும். கலவைக் கூடத்துப் பிள்ளைகளுக்கு ஜியோஸ்மின் பாடம் எடுக்கும்போது கெண்டை மீனில்தான் ஆரம்பிப்பேன். உடனே புரிந்துவிடும்.

ஷெட்டில் கண்ட துரு வாசனையிலும் ஒரு சூது உண்டு. இரும்புக்கும் வாசனை கிடையாது. வியர்வைக் கை இரும்பைத் தொட்டால் தோலில் இருக்கும் கொழுப்பு சிதைந்து, ஒன்-ஆக்டென்-மூன்று-ஓன் என்ற பொருள் உண்டாகிறது. அதைத்தான் இரும்பு வாசனை என்கிறோம் என்று 2006இல் ஜெர்மன் வேதியியல் இதழ் ஒன்றில் வந்த ஆராய்ச்சி காட்டியது. காளான் வாசனையின் நெருங்கிய சொந்தம் அது. பஸ் கம்பியைப் பிடித்துவிட்டுக் கையை முகர்ந்தால் அடிப்பது நம் கைதான். எனக்கு இது பெரிய உபகாரமாக இருந்தது. கல் சென்ட் என்பது மனிதத் தோலுக்கு அன்னியமாக இருக்க வேண்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன். தோல் இல்லாமல் உலோகமே மணக்காது என்றால், அந்தத் துளி உலோகத்தை ஃபார்முலாவில் நான் முழுதாகப் போட வேண்டாம், பூசுகிறவர் தோலை நம்பலாம். உலோகச் சாயலுக்கு ரோஸ் ஆக்சைடை ஒரு சொட்டு வைத்து மீதியைத் தோலுக்கு விட்டேன்.

சிக்கிமுக்கிக் கல்லை உரசினால் வரும் கருகல் வாடைக்குக் கந்தகச் சாயல் வேண்டும். அதைக் கொடுக்க கிரேப்ஃப்ரூட் போதும். அந்தப் பழத்தின் மணத்தைத் தாங்குவது துளியிலும் துளியான ஒரு கந்தகச் சேர்மம். ஹெர்மெஸ் கம்பெனிக்கு ழான்-குளோட் எலெனா 2006இல் செய்த ‘டெர் தெர்மெஸ்’ இந்த வழியில் போனதுதான்: மேலே ஆரஞ்சும் கிரேப்ஃப்ரூட்டும், நடுவில் மிளகும் சிக்கிமுக்கியும், கீழே வெட்டிவேரும் சிடாரும். கனிம வாசனை என்று பேசுகிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. அதை ஆண்களுக்கு என்று விற்கிறார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது; அதில் மீசை எதுவும் இல்லை.

வெட்டிவேருக்குக் கடலூர்ப் பக்கத்து எண்ணெயைப் போட்டேன். பிறகு, பாறையின் மேல் படர்ந்த ஈரத்துக்கு என் அம்மாவின் அஞ்சறைப் பெட்டிக்குப் போனேன். கல்பாசி. செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிற அதே பாசி. ஐரோப்பிய சென்ட்காரர்கள் நூறு வருஷமாகக் கொண்டாடும் ஓக்மாஸும் இதுவும் ஒரே குடும்பத்துப் பாசிகள். கன்னோஜில் இதை ‘சரிலா’ என்று அத்தரில் போடுகிறார்கள். 100 கிராம் கல்பாசியை ஒரு லிட்டர் ஆல்கஹாலில் ஊறப் போட்டேன். உலர்ந்த பாசியில் அவ்வளவாகத் தெரியாத வாசனை ஊற ஊற எழும். ஆல்கஹால் அதில் இருக்கும் அட்ரனாரினை மெல்ல உடைத்துக்கொண்டே இருப்பதால். சில வாரத்தில் பழைய மண்டபத்தின் நிழல் பக்கம் மாதிரி ஒன்று குப்பிக்குள் வந்தது.

எடுத்தவுடன் சந்தோஷப்பட முடியவில்லை. அதே உடைசலில் அட்ரனால் என்ற ஒவ்வாமைப் பொருளும் வரும். ஐரோப்பிய யூனியன் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையும் அழகுசாதனங்களில் 2017இல் தடை செய்தது. 2021க்குப் பிறகு அவை உள்ள சரக்கு அங்கே கடையிலேயே இருக்கக் கூடாது. இந்த பிராண்ட் ஏற்றுமதி பற்றி யோசிக்கிறது. ஆகவே என் கல்பாசி டிங்க்சரை அலமாரியில் வைத்துவிட்டு, அதன் மணத்துக்கு முக்கியக் காரணமான பொருளை, எவர்னில் என்று பொடியாகக் கிடைப்பதைப் போட்டேன். மண்டபத்தில் கொஞ்சம் குறைந்தது. சட்டம் சரிதான் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் அந்த டிங்க்சரை நான் கொட்டவில்லை.

அடித்தளம் இரண்டு பொருள். ஒன்று அம்ப்ராக்ஸான். கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து தொடங்கிச் செய்வது; திமிங்கல அம்பரின் உப்பும் வெயிலும் கலந்த மணம். இன்னொன்று ஐசோ ஈ சூப்பர், 1970களில் அமெரிக்காவில் ஐ.எஃப்.எஃப். கம்பெனி கண்டுபிடித்தது. சீவிய மரம் போல, வழவழப்பான கூழாங்கல் போல இருக்கும். ‘போல’ என்பதைத் தவிர வேறு வார்த்தை அதற்கு இல்லை. ‘டெர் தெர்மெஸ்’ஸில் பாதி இதுதான் என்று தொழிலில் பேச்சு. அதே 2006இல் கேஸா ஷோன் என்ற ஜெர்மானியர் இதை மட்டுமே கரைத்து ‘மாலிக்யூல் 01’ என்று விற்க ஆரம்பித்தார். சென்ட் உலகில் பாதிப் பேர் இதென்ன மோசடி என்றார்கள், மீதிப் பேர் வாங்கிப் பூசினார்கள்.

ஐசோ ஈ சூப்பருக்கு ஒரு குணம் உண்டு. சில பேருக்கு அது தெரியவே தெரியாது. தெரிகிறவர்களுக்கும் சற்று நேரத்தில் காணாமல் போகும், திடீரென்று திரும்பி வரும், மறுபடி போகும். அம்ப்ராக்ஸானும் பெரிய மூலக்கூறு மஸ்க்குகளும் கிட்டத்தட்ட அப்படித்தான். பக்கத்தில் இருப்பவருக்கு வாசனை அடித்துக்கொண்டே இருக்கும், பூசியவருக்கு மட்டும் தெரியாது. இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் கடைசியில் அந்த நாலு வரியை எழுதினேன்.

ஆண்-பெண் விஷயத்தில் எனக்குப் பெரிய யோசனை எதுவும் வரவில்லை. கல்யாண வீட்டு வாசலில் சந்தனக் கிண்ணத்தை நீட்டும்போது ஆண் சந்தனம், பெண் சந்தனம் என்று யாரும் பிரித்து வைப்பதில்லை. பன்னீர்ச் செம்பும் எல்லார் தலையிலும்தான் தெளிக்கும். ஜவ்வாதுக்கும் அத்தருக்கும் அப்படியே. கடையில் நீலப் பெட்டி, ரோஸ் பெட்டி என்று அலமாரியைப் பிரித்தது வியாபாரம். 1994இல் கால்வின் கிளைன் ‘சிகே ஒன்’ கொண்டுவந்து அந்தச் சுவரைக் கொஞ்சம் இடித்ததும் வியாபாரமே. என் கலவையில் மல்லிகையும் இல்லை, லாவெண்டரும் இல்லை. ஆணுக்கு, பெண்ணுக்கு என்று நாம் பழக்கிக்கொண்ட பொருள்கள் இல்லாதபோது அது தானாக இருபாலருக்கும் ஆகிவிடுகிறது.

கார்டுக்காக அவர்கள் அனுப்பிய மாதிரி வாசகம்: தன்னம்பிக்கை மிக்கவர், மர்மமானவர், சுதந்திரமானவர். இது எந்த சென்ட் டப்பாவுக்கும் ஒட்டும், டியோடரன்ட்டுக்கும் ஒட்டும். ஆளைப் பார்க்காமல் குணம் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சின்னக் குப்பிகளில் ஊற்றி அக்கம்பக்கத்தில் கொடுத்து, என்ன கேட்கிறார்கள் என்று கவனித்தேன்.

எங்கள் பேக்கிங் பகுதிப் பெண்கள் மதியத்துக்குள் வந்துவிட்டார்கள். “போயிடுச்சு அண்ணா. பூசுன மாதிரியே இல்ல.” நான் கதவோரம் நின்றிருந்தேன், அவர்கள் நுழைந்ததும் வாசனை எனக்கு வந்தது. சொன்னேன், நம்பவில்லை. கேன்டீன் அக்கா தர்மபுரிக்காரர். முகர்ந்துவிட்டு, “மழ வர்றாப்ல இருக்குது, துணி எடுக்கணும்னு தோணுது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த சென்ட்டைப் பற்றி வந்த விமரிசனங்களில் மிகச் சரியானது அதுதான். ஜிகணி சூப்பர்வைசருக்கும் ஒன்று கொண்டுபோனேன். “நாள் பூரா இதுலயேதானங்க சார் கெடக்கேன். வீட்டுக்குப் போனா மொதல்ல குளிச்சிட்டு வான்றா. மல்லிப்பூ வாசத்துல ஏதாவது இருந்தா குடுங்க.” கொடுத்தேன்.

வைத்துக்கொண்டவர்கள் யார்? பக்கத்து மருந்து ஆலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கும் ஒரு பெண், ஊர் கும்பகோணம் பக்கம். அவருக்கு வேலை நாளில் சென்ட் பூசவே கூடாது. சுத்த அறைக்குள் பவுடர், பொட்டு, வாசனை எதுவும் ஆகாது. ராத்திரி குளித்துவிட்டுப் படுக்கும் முன் மணிக்கட்டில் ஒரு முறை பூசிக்கொள்கிறாராம். “யாருக்காக?” என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: “காலைல எந்திரிச்சா இருக்கா இல்லையான்னு சந்தேகமா இருக்கும் சார். அந்தச் சந்தேகம் பிடிச்சிருக்கு.” இன்னொருவர் அத்திப்பள்ளியில் இருக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், எழுபது வயதுக்கு மேல். சிலேட்டு வாசனை என்று உடனே கண்டுபிடித்தார். அவர் மனைவிக்கும் பிடித்துப் போய், ஒரே குப்பியை இருவரும் பூசிக்கொள்கிறார்கள். மூன்றாமவர் எங்கள் கணக்கர். அவருக்கு ஐசோ ஈ சூப்பர் தெரியவே தெரியாது. கிரேப்ஃப்ரூட் அடங்கியதும் அவர் மூக்குக்குக் குப்பி காலி. ஆனால் அவர் பக்கத்து மேஜைக்காரர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். “அவருக்குத் தெரியுதுன்னா சரி” என்று விட்டுவிட்டார்.

இந்த மூவருக்கும் வயது, வேலை, குணம் எதுவும் ஒட்டாது. கணக்கர் கலகலப்பு, மருந்து ஆலைப் பெண் அளந்து பேசுவார், ஆசிரியர் எதிலும் குறை கண்டுபிடிப்பவர். ஒன்றுதான் பொது: தன் வாசனை தனக்குத் தெரியாமல் போவதை மூவரும் பொறுத்துக்கொண்டார்கள். “இன்னும் இருக்கா?” என்று ஒருமுறைகூடப் பக்கத்தில் கேட்கவில்லை. கேட்பவர்களைக் குறை சொல்லவும் இல்லை நான். கொடுத்த காசுக்கு வாசனை தூக்கலாக அடிக்க வேண்டும் என்பது நியாயமான ஆசை. அவர்களுக்கு மல்லிகையும் ஊதுவும் இருக்கின்றன. அவற்றையும் நான்தான் கலக்குகிறேன், அதில்தான் எனக்குச் சம்பளம் வருகிறது.

நடுவில் சென்னை விநியோகஸ்தர் ஒருவர் போன் போட்டு, அங்கே இது நிற்காது, இரண்டு மடங்கு கெட்டி ஆக்குங்கள் என்றார். கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில் கிரேப்ஃப்ரூட் கால் மணி நேரம்கூடத் தாங்காது, அது உண்மைதான். பெங்களூரு 900 மீட்டர் உயரத்துக் குளிர்ச்சியில் சோதித்ததை அப்படியே மயிலாப்பூருக்கு அனுப்ப முடியாது. கெட்டி ஆக்கவில்லை; ஜியோஸ்மினைப் பாதியாகக் குறைத்து வெட்டிவேரைக் கூட்டினேன். ஈரக் காற்றில் ஜியோஸ்மின் பீட்ரூட்டாகத் தலை தூக்கியதுதான் காரணம்.

கார்டுக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: “பூசிய சற்று நேரத்தில் உங்களுக்கு இது தெரியாமல் போகலாம். போய்விடவில்லை. மறுபடி பூசாதீர்கள். யாரையும் கேட்காமல் ஒரு நாள் இருந்து பாருங்கள். முடிந்தால் இது உங்களுக்கானது.” இளைஞர்களில் ஒருவருக்குப் பிடித்தது. இன்னொருவர், மறுபடி பூசாதீர்கள் என்று விற்கிறவனே எழுதினால் அடுத்த குப்பியை எப்படி விற்பது என்றார். கடைசியில் என் நாலு வரியைக் கார்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அச்சடித்தார்கள். முன்பக்கத்தில் தன்னம்பிக்கையும் மர்மமும் சுதந்திரமும் பொன் எழுத்தில் அப்படியே இருக்கின்றன.